மூச்சக்காவும் இரண்டாவது மேசையும்

நாய் பூனைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பல் சுத்தம் செய்யும்போது, அவற்றின் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சை எண்ணுவது அவள் வேலை. எண்ணும்போது உதடு லேசாக அசையும். அதைப் பார்த்து யாரோ ஒருநாள் மூச்சக்கா என்று கூப்பிட, அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் என்றாகிவிட்டது. பத்தொன்பது வருடமாக ஒரே உள்ளறை, ஒரே நாற்காலி. நாற்காலியின் நான்கு சக்கரங்களில் மூன்றுதான் உருளும்.

இந்த வேலையைச் சொன்னால் சிரிக்காதவர்கள் குறைவு. குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்த ஒரு நாள், கணவனுடைய அக்கா புது விருந்தாளிகளிடம் அவளை இப்படி அறிமுகம் செய்தாள்: "எங்க தம்பி பொண்டாட்டி. நாய்க்குப் பல்லு தேய்ச்சு விடுறா."

"உங்க தம்பிக்கும் தேய்ச்சு விடலாம்னுதான் பாக்குறேன் அண்ணி. மயக்கம் குடுத்தாத்தான் ஒழுங்கா வாயத் தெறப்பாரு போல."

கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அவன் சிரித்துக்கொண்டே, "நான் மனுஷங்கள மேல ஏத்தி எறக்குறேன். இவ நாய் பூனைய மேல போகாமப் பாத்துக்கிறா. ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான்க்கா" என்றான். மேசை முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அந்த வேலையை அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

பல்லின் வெளியே தெரியும் மஞ்சள் காரையைச் சுரண்டிவிட்டால் பார்க்கத்தான் அழகு. நோய் ஈறுக்கு அடியில் இருக்கிறது. அங்கே கருவியை விட்டால் எந்தப் பூனையும் வாயைத் திறந்துவைத்துக் காத்திருக்காது. அதனால்தான் மயக்கம். கருவியின் முனை அதிர அதிரத் தண்ணீர் பீய்ச்சும். அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குப் போகாமலிருக்க மூச்சுக்குழலுக்குள் ஒரு சிறிய குழாய். குழாயின் வெளி முனையிலிருந்து மயக்க இயந்திரம் வரை நீண்ட குழல். ஒரு பக்கத்துப் பற்கள் முடிந்ததும் மறுபக்கத்துக்காக உடலைத் திருப்பிப் போட வேண்டும். திருப்புவதற்கு முன் நீண்ட குழலைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் திருப்பினால் உடல் ஒரு பக்கம் போகும், குழாய் இன்னொரு பக்கம் முறுக்கும். நாயின் மூச்சுக்குழல் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். பூனையினுடையது, குளிர்பானம் உறிஞ்சும் குழலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. உள்ளே கிழியும். கிழிந்தது அப்போது யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் அவள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. கூண்டு கழுவத்தான் வந்தாள். நான்காம் மாதம், மயக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட, "கொஞ்சம் இந்த நாக்கப் புடிச்சுக்கம்மா" என்று தொடங்கியது. புது இயந்திரம் வந்தபோது கம்பெனி ஆள் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அவர் விட்டுப்போன கையேட்டை அகராதியை வைத்துக்கொண்டு ஒன்பது மாதம் படித்தாள். பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து ஒரு சான்றிதழும் வாங்கினாள். இதில் வியக்க ஒன்றுமில்லை. கையில் ஒப்படைக்கப்பட்ட வேலையைத் தெரிந்துகொள்வது குறைந்தபட்சக் கடமை. அதைச் செய்தவளைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டியிருக்கிறது என்றால், குறை ஆச்சரியப்படுத்துகிறவளிடம் இல்லை.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. திருப்ப வேண்டிய நேரம் வந்ததும் குழலைக் கழற்றி, அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "கழட்டியாச்சு" என்று சத்தமாகச் சொல்வாள். அந்தச் சொல் காதில் விழாமல் டாக்டர் விலங்கின் மேல் கை வைக்கக் கூடாது. பழைய டாக்டர் அதை மதித்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இதயத் துடிப்பு, மூச்சு, உடல் சூடு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். மயக்கத்தில் கிடக்கும் உயிரால் தனக்கு நடப்பதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. எழுந்த பிறகும் அதற்கு நினைவிருக்காது, பேச்சும் கிடையாது. அந்த ஒரு மணி நேரத்தில் அதற்காகச் சாட்சி சொல்ல உலகத்தில் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்றுப் புது டாக்டர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கை சுத்தமான கை. பல் பிடுங்கினால் இரத்தம் அதிகம் வராது. ஆனால் சும்மா கிடக்கும் நேரத்தைப் பார்த்தாலே அவருக்குக் காசுப் பசியெடுத்தது. வாசல் கண்ணாடியில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் நாயின் படம் ஒட்டி, 'புன்னகை மாதம்' என்று பல் சுத்தத்துக்குச் சலுகை அறிவித்தார். நாய் சிரிக்காது. அது பல்லைக் காட்டினால் அர்த்தம் வேறு. அந்த அறிவு டாக்டருக்கு இல்லாமல் இல்லை. படம் வாசலுக்கு, அறிவு உள்ளறைக்கு என்று பிரித்துவைத்திருந்தார்.

கூட்டம் சேர்ந்தது. உள்ளறைக்கு இரண்டாவது மேசை வந்தது. மூடிப்போன ஏதோ ஒரு மருத்துவமனையிலிருந்து வாங்கியது. பரணில் கிடந்த பழைய இயந்திரத்தைத் துடைத்து அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"ஒண்ணு தூங்கிட்டு இருக்கும்போது இன்னொண்ண எழுப்பிடலாம் அக்கா. சும்மா உக்காந்திருக்கிற நேரம் வீணாப் போகுதுல்ல?" என்றார் டாக்டர். காரியம் ஆக வேண்டுமென்றால் அக்கா என்பார். கோபம் வந்தால் 'ஏம்மா'தான்.

"நான் சும்மா உக்காரல டாக்டர்."

"தெரியும் அக்கா. உங்க மாதிரி ஆளு இருக்கிறதாலதான் தைரியமா ரெண்டு போடுறேன்."

புகழ்ச்சி என்பது பல நேரங்களில் கூலியில்லாத கூடுதல் வேலைக்கு வைக்கும் பெயர். அவளுக்கு அது புரிந்தது. புரிந்தும் ஒப்புக்கொண்டாள். மூன்று மாதம் இரண்டு மேசைக்கும் நடுவில் அந்த மூன்று சக்கர நாற்காலியில் உருண்டாள். அதைவிட மோசமாக ஒன்று செய்தாள். இரண்டு தாளிலும் ஒரே நிமிடத்துக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். பதினொன்று இருபதுக்கு இந்த நாயின் தலைமாட்டில் அவள், அதே பதினொன்று இருபதுக்கு அந்தப் பூனையின் தலைமாட்டிலும் அவள். ஓர் உடல் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய சிந்தனை எதுவும் தேவையில்லை. அவளை நல்லவள் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கையெழுத்துகளையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாவிக்காரர் தன் பூனையைக் கொண்டுவந்தார். கடைத்தெரு முனையில் சாவி செய்து கொடுப்பவர். பூனை நாள் முழுவதும் கடை மேசையின் மேல், கல்லாவை ஒட்டிப் படுத்திருக்கும். வருகிறவர்கள் அவரைக் கண்டுகொள்ளாமல் பூனைக்குத்தான் வணக்கம் சொல்வார்கள். அதனால் அதற்கு முதலாளி என்று பெயர்.

"முதலாளிக்கு வாய் நாத்தம் தாங்கல மூச்சக்கா. கடைக்கு வர்றவங்க என்னைச் சந்தேகப்படுறாங்க" என்றார்.

"ஒரு வாசனையும் இல்லாம அனுப்பிடுறேன். சாயங்காலம் வாங்க."

முதல் மேசையில் முதலாளி தூங்கியது. இரண்டாவது மேசையில் ஒரு கிழட்டு நாய் எழ வேண்டிய நேரம். விலங்கு மயங்கும் நேரத்தைவிட எழும் நேரம் ஆபத்தானது. விழுங்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் குழாயை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் மூச்சு நிற்கலாம், பின்னால் எடுத்தால் குழாயைக் கடித்துத் துண்டாக்கும். அவள் நாயின் தொண்டையில் விரலை வைத்துக் காத்திருந்தாள்.

முதுகுப் பக்கம் கருவியின் சத்தம் நின்றது. பூனைக்கு ஒரு பக்கம் முடிந்துவிட்டது.

"ஒரு நிமிஷம் டாக்டர், வர்றேன்" என்றாள், திரும்பாமலே.

திரும்பிப் பார்த்தபோது முதலாளி ஏற்கெனவே மறுபக்கம் புரண்டு கிடந்தது. நீண்ட குழல் கழற்றப்படவில்லை. அது பூனையின் தாடையடியில் முறுக்கிக்கொண்டு நின்றது.

"டாக்டர், குழல் மாட்டியே இருக்கு."

"ஓ." அவர் முறுக்கை நேராக்கினார். "ஒண்ணும் ஆகல. பாருங்க, நல்லா மூச்சு விடுது."

மூச்சு நன்றாகத்தான் விட்டது. நாயை எழுப்பிக் கூண்டில் விட்டபின் அவள் பூனையின் தாளில் எழுதிக் கையெழுத்திட்டாள்: 'பதினொன்று இருபது. குழல் கழற்றாமல் திருப்பப்பட்டது. திருப்பியவர் டாக்டர். நான் மற்ற மேசையில் இருந்தேன்.' மூன்று மாதத்தில் அந்த அறையில் போடப்பட்ட முதல் உண்மையான கையெழுத்து அது.

"சாவிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம் டாக்டர். ரெண்டு நாள் கழுத்தத் தொட்டுத் தொட்டுப் பாக்கச் சொல்லி."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு அக்கா அவரப் பயமுறுத்தணும்?"

சாயங்காலம் சாவிக்காரர் வந்தார். பூனையின் வாயருகே மூக்கை வைத்து, "ஆகா, இனிமே சந்தேகம் முதலாளி மேல வராது, என் மேலதான்" என்றார். அவள் சிரித்து அனுப்பிவைத்தாள். வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். உள்ளே பூனை இருந்தது, ஆனால் அதன் உருவம் மாறியிருந்தது. கழுத்தும் தோளும் நெஞ்சும் உப்பி, தலையணையில் பூனைத் தலையைத் தைத்துவைத்தாற்போல் இருந்தது. மூச்சு மேலோட்டமாக ஓடியது.

டாக்டர் பார்த்தார். ஊசி போட்டார். "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு, ஒவ்வாமை. வீட்டுக்குக் கொண்டு போங்க, ரெண்டு நாள்ல வடிஞ்சிடும்" என்றார்.

சாவிக்காரர் மருந்து வாங்க முன்மேசைக்குப் போன நேரத்தில் மூச்சக்கா பெட்டிக்குள் கை விட்டுப் பூனையின் கழுத்தை மெல்ல அழுத்தினாள். தோலுக்கடியில் நறநறவென்று நொறுங்கியது, கண்ணாடிச் சாமான்களைச் சுற்றி அனுப்பும் காற்றுக் குமிழித் தாளை அழுத்துவதுபோல. வீக்கம் நீரால் வந்தது என்றால் அப்படி இருக்காது. அது காற்று. மூச்சுக்குழலிலிருந்து கசிந்து மூன்று நாளாகத் தோலுக்கடியில் சேர்ந்த காற்று.

மருந்து அலமாரி இருக்கும் சின்ன அறைக்கு டாக்டரைத் தொடர்ந்து போனாள்.

"அது ஒவ்வாமை இல்ல டாக்டர்."

"கத்தாதீங்க."

"நான் கத்தல. உங்களுக்கும் தெரியும்."

அவர் அலமாரியைப் பார்த்தபடி நின்றார். "சின்னக் கிழிசலா இருக்கும். தானா மூடிக்கும். சொன்னா யார் தலையில விழும்னு யோசிங்க. அன்னைக்கு அறையில நீங்களும்தான் இருந்தீங்க."

"தானா மூடணும்னா அது கூண்டுல அசையாமப் படுத்திருக்கணும். ஆக்ஸிஜன் வேணும். எக்ஸ்ரே படம் எடுத்துப் பாக்கணும். வீட்ல அலமாரி மேல ஒரு தாவு தாவிச்சுன்னா?"

"பூனையோட ஃபைல எடுத்துப் பாருங்க. எல்லாம் முறைப்படி நடந்ததாத்தான் இருக்கு."

அவள் அந்த ஃபைலைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே இருந்தது அவள் தாள் அல்ல. குண்டுகுண்டான அழகான எழுத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரியாக, ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி எண்கள். உயிருள்ள எதுவும் ஒரு மணி நேரம் அப்படித் துடித்ததில்லை. பதினொன்று இருபதுக்கு நேரே, 'குழல் கழற்றித் திருப்பப்பட்டது.' கீழே அவளுடைய சொந்தப் பெயர்.

முன்மேசையில் ரசீது போடும் பெண்ணின் எழுத்து அது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"தாள் தண்ணி பட்டு நனைஞ்சிடுச்சாம்க்கா. டாக்டர் சொல்லச் சொல்ல நல்லா எழுதித் தரச் சொன்னார்" என்றாள் அந்தப் பெண். "தப்பாக்கா?"

தப்பா என்று கேட்கும் அளவுக்காவது அவளுக்குத் தெரிந்திருந்தது. மருந்து அறையில் நின்றவருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. ஒரு மிருகத்தின் மூச்சுக்குழலைக் கைத்தவறாய்க் கிழிப்பது பிழை. பிழை யாருக்கும் நேரும். பேச முடியாத அதற்கு இருந்த ஒரே சாட்சியை அழித்து, அதன் இடத்தில் பொய்யைச் சாட்சியாக உட்காரவைப்பது வேறு. அதைப் பிழை என்று சொன்னால் பிழை செய்கிற எல்லோருக்கும் அவமானம்.

சாவிக்காரர் மருந்துப் பொட்டலத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். காத்திருப்பு அறையில் முயலை மடியில் வைத்த ஓர் அம்மாவும், நாயோடு இரண்டு பேரும் இருந்தார்கள்.

"வீட்டுக்குப் போகாதீங்க" என்றாள் மூச்சக்கா. "நேரா பெரிய விலங்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க. முதலாளியோட மூச்சுக்குழல் கிழிஞ்சிருக்கு. செவ்வாய்க்கிழமை இங்க கிழிஞ்சது."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "என்ன சொல்றீங்க?"

அவள் சொன்னாள். எந்தக் குழல், எப்படித் திருப்பினார்கள், ஏன் கழற்றாமல் திருப்பக் கூடாது, அன்று அவள் எழுதிய தாள் எப்படி மாறிப்போனது. தன் கையை முறுக்கிக் காட்டினாள்.

"பூட்டுக்குள்ள சாவி இருக்கும்போது பூட்டையே திருப்புன மாதிரி" என்றார் அவர்.

"ஆமா."

"நீங்க அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன். அடுத்த மேசையில."

"சாயங்காலம் என்கிட்ட சிரிச்சுப் பேசினீங்களே. அப்ப தெரியுமா?"

"தெரியும்."

"மூணு நாள்" என்றார் அவர். "மூணு நாள் அது கடை மேசையிலேர்ந்து குதிச்சு ஏறி இறங்கிட்டு இருந்துச்சு. நான் பாத்துட்டு இருந்தேன்."

அவள் முன்மேசையில் ஒரு தாளை எடுத்து, நடந்ததை நான்கு வரியில் எழுதி, நேரத்தைக் குறித்து, கையெழுத்திட்டு நீட்டினாள். "இத அங்க காட்டுங்க. பூச்சிக்கடின்னு நெனச்சு நேரத்த வீணாக்க மாட்டாங்க."

அவர் தாளை வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. அது சரிதான். மூன்று நாள் பூட்டிவைத்த உண்மையை நான்காம் நாள் திறந்துவிட்டதற்கு நன்றி எதற்கு?

டாக்டர் உள்கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முயல் வைத்திருந்த அம்மா எழுந்து, முயலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

முதலாளியைப் பதினொரு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் கூண்டில் வைத்திருந்தார்கள். படத்தில் கிழிசல் தெரிந்தது. அறுவைக்குத் தயாராகக் காத்திருந்தார்கள், கிழிசல் தானாக மூடிக்கொண்டதால் தேவைப்படவில்லை. அந்தப் பதினொரு நாளும் டாக்டர் வருகிறவர்களிடம், "சந்தேகம் வந்த உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 'அனுப்பிட்டோம்.' பொய்யில்கூடத் தனியாக நிற்கத் தைரியம் இல்லாமல் பன்மையில் ஒளிந்துகொள்ளும் மனிதர்கள் உண்டு. சாவிக்காரர் ஒருநாள் வந்து அந்த முதல் தாள் எங்கே என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றார்கள். "என்கிட்ட இருக்கிற தாள் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கே புகார் கொடுக்கப்போகிறார் என்று சொல்லவில்லை. டாக்டர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இரவே வீட்டில் கணவன் கேட்டிருந்தான். "வேலைய விட்டு அனுப்பிட்டா?"

"அனுப்பட்டும். பூனைக்குக் குழாய் போட அங்க வேற ஆளு இல்ல."

"அப்ப அனுப்ப மாட்டான்."

"அதுக்காக இல்ல. அனுப்பினாலும் சரிதான்னு சொல்றேன்."

"அது சரி. கிழிச்சது அவன், தட்டை டமார்னு வைக்கிறது எங்கிட்டயா?"

அவள் தட்டை எடுத்து மறுபடி மெதுவாக வைத்தாள். கோபம் முழுவதும் டாக்டர் மேல் என்றால் தூங்கியிருப்பாள். பாதி அவள் மேலேயே இருந்தது. சொல்லிவிட்டதால் கணக்கு நேராகிவிட்டது என்று தன்னைத் தேற்றிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு வரவில்லை. அவளைப் பற்றித் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரே நல்ல வார்த்தை இதுதான்.

அடுத்து வந்த திங்கட்கிழமைப் பட்டியலில் இரண்டு நாய்கள். ஒன்று குட்டை நாய், இன்னொன்று கறுப்பு நாய். குட்டை நாய்க்கு மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டு முதல் மேசையில் படுக்கவைத்தாள். நாற்காலியை அதன் தலைமாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டாவத எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டர், கையுறை மாட்டியபடி.

"இது எழுந்து நிக்கட்டும் டாக்டர்."

"ஏம்மா, வெளிய ஆளு காத்துட்டு இருக்காங்க."

"காத்திருக்கட்டும்."

"இப்படியே போனா உங்களுக்கு இங்க வேலை இல்லன்னு அர்த்தம்."

"சரி. இது எழுந்ததும் போறேன். இது எழுறவரைக்கும் இந்த இடத்த விட்டு எழுந்திருக்க மாட்டேன். அடுத்தது, அதுக்கு அடுத்தது எதுக்கும் இதேதான். வேற ஆளு கெடைச்சா அவங்களுக்கும் இதையே சொல்லிக் குடுத்துட்டுத்தான் போவேன்."

டாக்டர் இரண்டாவது மேசையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கருவியை எடுத்துக் குட்டை நாயின் மேல் தாடையிலிருந்து தொடங்கினார். அவள் உதடு அசைய மூச்சை எண்ணத் தொடங்கினாள்.

வெளியே கறுப்பு நாயின் சொந்தக்காரர் முன்மேசையில் கையூன்றி நின்றார். "காலைல முடிஞ்சிடும்னு சொன்னீங்க. இப்ப மதியம்னு சொல்றீங்க. ரெண்டு மேசை போட்டிருக்கீங்கல்ல?"

முன்மேசைப் பெண் உள்கதவைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் வழக்கமாகச் சொல்லச் சொன்ன பதில் ஒன்று அவளிடம் இருந்தது.

"மேசை ரெண்டு இருக்குங்க" என்றாள். "மயக்கத்துல பாத்துக்க ஒரே ஆளுதான் இருக்காங்க."